விஞ்ஞாபனமும் ஒரு கையொப்பமும்

ஜனாதிபதி வேட்பாளர்கள் தேர்தல் காலங்களில் அள்ளி வழங்கும் வாக்குறுதிகள் எமது மக்களுக்குப் புதியனவல்ல. நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறைமையை ஒழிப்பதாக 1994ஆம் ஆண்டில் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க கூறியது முதல் அதே வாக்குறுதி பலரது விஞ்ஞாபனங்களிலும் இடம்பிடித்து வந்துள்ளது. 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளர் அநுரகுமார திசாநாயக்கவும் அதனையே கூறினார். அதற்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் சர்வஜன வாக்கெடுப்பும் தேவை என்பதால், தாமதத்துக்கு ஒரு சமாதானமேனும் கூற முடியும். ஆனால், தலைநகர் வாழ் தமிழ், முஸ்லிம் மக்கள் அவ்விஞ்ஞாபனத்தில் கூர்ந்து நோக்க வேண்டியது, பயங்கரவாதத் தடைச் சட்டம் உள்ளிட்ட அடக்குமுறைச் சட்டங்கள் யாவும் நீக்கப்படும் என்ற உறுதிமொழியையே ஆகும்.

1979ஆம் ஆண்டில் தற்காலிக ஏற்பாடுகள் என்ற பெயருடன் கொண்டுவரப்பட்ட இச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. இச்சட்டமும் அவசரகால ஒழுங்குவிதிகளும் கைகோர்த்திருந்த நாட்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பொலிஸ் பதிவுத் துண்டின்றி ஓரிரவு தங்குவதே அச்சத்துக்குரியதாக இருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டதையும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததையும் எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவசரகாலச் சட்டம் 2011இல் காலாவதியானது. பயங்கரவாதத் தடைச் சட்டமோ நிலைத்து நின்று, 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம்கள் மீதும் பாய்ந்தது. முப்பது ஆண்டுகளாகத் தமிழ் வீடுகள் அறிந்திருந்த அந்த நள்ளிரவுக் கதவுத் தட்டலை முஸ்லிம் வீடுகளும் அறிந்து கொண்டன.

இத்தகைய பின்னணியில், 2025 மார்ச் மாதத்தில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிய முஸ்லிம் இளைஞர் ஒருவர் கொழும்பில் இதே சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டமை எவ்வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. அவர் பின்னர் விடுவிக்கப்பட்டார் என்பது வேறு விடயம். இச்சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் தடுப்புக்காவல் உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு உரியது. பாதுகாப்பு அமைச்சுப் பொறுப்போ ஜனாதிபதியிடமே இருந்தது. சட்டத்தை நீக்கப் பாராளுமன்றம் கூட வேண்டும். உத்தரவில் கையொப்பமிடாதிருப்பதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை. வேட்பாளராக நின்று இச்சட்டத்தை அடக்குமுறைச் சட்டம் என்றவரின் ஆட்சியில் அது முன்போலவே பயன்படுத்தப்பட்டது எவ்வாறு என்பதே எமது கேள்வியாகும்.

சட்டம் நீக்கப்படும் என்றே மக்களிடம் கூறப்பட்டது. வேறொரு சட்டத்தால் பதிலீடு செய்யப்படும் என்றல்ல. முன்னைய அரசாங்கங்களும் 2018இலும் 2023இலும் பதிலீட்டுச் சட்டமூலங்களை முன்வைத்துப் பலத்த எதிர்ப்பைச் சந்தித்தன. பயங்கரவாதம் என்பதற்கான விரிந்த வரைவிலக்கணமும் நீண்ட தடுப்புக்காவலும் புதிய பெயரில் தொடருமாயின், கொட்டாஞ்சேனைத் தாய்க்கு அதனால் ஆகப்போவது யாதுமில்லை.

மாகாண சபைத் தேர்தல் பற்றியும் கூறியாக வேண்டும். 1987இல் மாகாண சபை முறைமையை எதிர்த்து ஆயுதமேந்திய, 2006இல் வடக்கு கிழக்கு இணைப்பை நீதிமன்றின் வாயிலாகப் பிரித்த மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர், அச்சபைகளுக்கு ஓராண்டுக்குள் தேர்தல் நடத்துவதாக விஞ்ஞாபனத்தில் எழுதியதை வரவேற்கத்தக்க மாற்றமாகவே நாம் கருதினோம். உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6ஆம் திகதி நடந்தேறியது. செப்டெம்பரில் அந்த ஓராண்டு நிறைவுற்றபோது மாகாண சபைத் தேர்தலோ நடைபெற்றிருக்கவில்லை. எல்லை நிர்ணயச் சிக்கல் காரணமாகக் காட்டப்படுகின்றது. 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் உருவான அச்சிக்கலை நீக்கிப் பழைய விகிதாசார முறையில் தேர்தலை நடத்துவதற்குச் சாதாரண பெரும்பான்மையே போதுமானது. 2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலில் மக்கள் இவ்வரசாங்கத்துக்கு வழங்கியதோ 225 ஆசனங்களில் 159 ஆகும்.