பாதி பதனிட்ட தோலும் பாதிக் கல்வியும்

ஆம்பூரிலே விடியற்காலையில் சாலையோரம் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். இரண்டு கூட்டங்கள் ஊரை விட்டுப் புறப்படுகின்றன. தூக்குச் சட்டியும் கையுமாக ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தாய்மார்கள் ஒரு கூட்டம். தோளிலே புத்தகப் பையுடன் கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைகள் மற்றொரு கூட்டம். தாய் ஒரு பஸ்ஸிலே, மகள் மறு பஸ்ஸிலே! பாட்டன் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை மிதித்தான். பேத்தி பட்டப் படிப்புக்குப் போகிறாள். தோலைத் தொட்டவனைத் தொடாதே என்று ஒதுக்கிய சமுதாயத்தில் இது எளிதில் வந்த மாற்றமல்ல. போராடிப் பெற்ற மாற்றம்.

தாய் ஏறிய பஸ் எங்கே போய் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். கம்பெனி வாசலிலே நிற்கும். மகள் ஏறிய பஸ் எங்கே போய் நிற்கும்? மூன்றாண்டு, நான்காண்டு படித்துப் பட்டம் பெற்ற பிறகு, அவளும் அதே கம்பெனி வாசலில்தான் வந்து நிற்க வேண்டுமா? இன்று நாம் எழுப்பும் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் கருத்துகள் நமக்குத் துணையாகின்றன. அவர் பெயர் பிலிப் ஆல்ட்பாக். பம்பாய் மாணவர் அரசியலை ஆராய்ந்து 1968இல் நூல் வெளியிட்டவர். பாஸ்டன் கல்லூரியில் 1995இல் உலக உயர் கல்வி ஆராய்ச்சிக்கென ஒரு மையத்தை நிறுவியவர். ஒரு நாட்டின் பல்கலைக் கழகத்தை மறு நாட்டின் பல்கலைக் கழகத்தோடு ஒப்பிட்டு எடை போடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். அவர் சொல்வதனைத்தையும் நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. சரக்கை எடை போட்டுப் பார்த்து, நல்லதை எடுத்துக் கொள்வோம்.

அவர் சொல்லும் முதற் கருத்து, உலகத்துப் பல்கலைக் கழகங்களெல்லாம் மேலை நாட்டு வித்திலிருந்து முளைத்தவை என்பது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பழைய கல்விக் கூடங்கள் இருந்ததுண்டு. ஆயினும் இன்றுள்ள பட்டம், தேர்வு, துறை, பேராசிரியர் பதவி எல்லாம் மேற்கிலிருந்து வந்தவை. நம் நாட்டைப் பாருங்கள். சென்னை, கல்கத்தா, பம்பாய் மூன்று பல்கலைக் கழகங்களும் 1857இல் தோன்றின. லண்டன் பல்கலைக் கழகத்தை அச்சாக வைத்து வார்த்தார்கள். பாடம் நடத்துவது கல்லூரியின் வேலை, தேர்வு நடத்திப் பட்டம் கொடுப்பது பல்கலைக் கழகத்தின் வேலை என்று பிரித்தார்கள். வெள்ளையன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. அந்த ஏற்பாடு போயிற்றா? வேலூருக்கென்று 2002இல் திருவள்ளுவர் பல்கலைக் கழகம் பிறந்தது. அய்யன் பெயர் தாங்கி வந்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இணைப்புக் கல்லூரி முறை அப்படியே நிற்கிறது. தன்னாட்சி பெற்ற சில கல்லூரிகள் நீங்கலாக, மற்ற கல்லூரிகளின் ஆசிரியர் மேலிருந்து வந்த பாடத்தை நடத்துகிறார்; மாணவன் மேலிருந்து வந்த கேள்விக்கு விடை எழுதுகிறான். இந்தியக் கல்வியின் காலைக் கட்டிய கயிறுகளில் இம்முறையும் ஒன்று என்று ஆல்ட்பாக் கருதுகிறார். அதை நாம் மறுக்கவில்லை.

இரண்டாவது கருத்து, மையமும் விளிம்பும். அறிவு பிறக்கும் இடம் ஒன்று. அதை வாங்கிப் பயன்படுத்தும் இடம் வேறு. பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள், ஆய்வு ஏடுகள், நூல் வெளியீட்டு நிலையங்கள் எல்லாம் சில நாடுகளிலே குவிந்து கிடக்கின்றன. மற்ற நாடுகள் அங்கே எழுதியதைப் படிக்கின்றன, அங்கே வகுத்த அளவுகோலால் தம்மை அளந்து கொள்கின்றன. ஆங்கிலமே அறிவுலகின் ஆதிக்க மொழி. அந்த மொழியில் எழுதாதவன் எழுதாதவனாகவே கணக்கிடப்படுகிறான் என்பதையும் அவர் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இது கேட்கப் பெரிய தத்துவமாகத் தோன்றலாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோழர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் கையாலே தொட்டு அறிந்த செய்தி இது! ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பாதி பதனிட்ட தோலை இந்த வட்டாரம் பல்லாண்டுக் காலம் லண்டன் சந்தைக்கு அனுப்பி வந்தது. தொட்டியில் நின்றவன் இங்கே. நாற்றத்தைச் சுமந்தவன் இங்கே. பளபளப்பு ஏற்றியவனும் பணத்தைப் பார்த்தவனும் அங்கே. பிறகு சீதாராமையா குழு 1972இல் அமைந்தது. பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், பாதி பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடும் 1973இல் வந்தன. முழுத் தோலாக்கு, பாதரட்சையாக்கு, மதிப்பைக் கூட்டி விற்பனை செய் என்றது புதிய கொள்கை. அதன் பின்னர்தான் இந்த வட்டாரத்திலே ஷூ கம்பெனிகள் பெருகின. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை பிறந்தது.

தோலுக்குச் செய்ததைக் கல்விக்குச் செய்தோமா? பாதி பதனிட்ட மாணவனை உருவாக்கி, மீதிப் பதனிடுதலை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் விட்டு விடுகிறோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அங்கே போய்ப் பதனாகி விடுகிறான். வசதியற்ற வீட்டுப் பிள்ளை பாதிப் பதனோடு நின்று விடுகிறான்.

விளிம்பில் இருப்பவன் என்றைக்கும் விளிம்பிலேதான் கிடக்க வேண்டுமா? இல்லை என்பதற்கும் தோல் தொழிலே சான்று. 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பக்கத்திலிருந்த தொழில்நுட்பக் கல்லூரியோடு கை கோத்துத் தோல் தொழில்நுட்பப் பட்டதாரிகளை உருவாக்கியது. அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா அமெரிக்காவில் பயின்று, தாய்நாடு திரும்பி, அந்த நிலையத்தை உலகம் திரும்பிப் பார்க்கும்படி வளர்த்தார். படித்தவன் திரும்பி வர ஓர் இடமும், செய்வதற்கு ஒரு வேலையும், அருகிலே ஒரு தொழிலும் இருந்தால் விளிம்பும் மையமாகும்.

மூன்றாவது கருத்து, பெருந்திரள் கல்வி. மார்ட்டின் டிரோ என்ற அமெரிக்க அறிஞர் 1973இல் ஒரு கணக்குச் சொன்னார். கல்லூரி வயதினரில் நூற்றுக்கு 15 பேர் வரை படித்தால் அது மேட்டுக்குடிக் கல்வி. 15க்கு மேல் 50 வரை பெருந்திரள் கல்வி. 50ஐத் தாண்டினால் எல்லோருக்குமான கல்வி. ஆல்ட்பாக் இந்தக் கணக்கைத் தொடர்ந்து, அதன் விளைவுகளை நாடு நாடாக ஆராய்ந்தார். அகில இந்திய உயர் கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021-22இல் இந்தியாவின் சேர்க்கை விகிதம் 28.4. தமிழ்நாட்டின் விகிதம் 47! எல்லோருக்குமான கல்வியின் வாசற்படியிலே தமிழகம் நிற்கிறது.

இந்த வாசற்படிக்கு யார் தூக்கி வந்தார்கள்? 1920களின் வகுப்புரிமை ஆணை தூக்கியது. அந்த ஆணை செல்லாதென்று தீர்ப்பு வந்தபோது, 1951இல் அரசியல் சட்டத்தையே திருத்த வைத்த மக்கள் கிளர்ச்சி தூக்கியது. காமராசர் காலத்துப் பள்ளிகளும் பகலுணவும் தூக்கின. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், 2010இல் வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் என்று 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் எல்லாம் படிப்படியாகத் தூக்கின. இந்த வட்டாரத்தில் ஊரிசுக் கல்லூரியும், ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியும், தோல் வணிகர் கொடையால் 1919இல் எழுந்த வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் பிறகு வந்த கல்லூரிகளும் விளக்கேற்றின. கொடுத்தவர்களைப் பாராட்டுகிறோம். அந்தக் கொடைக்குப் பின்னே தொட்டியில் நின்றவனின் வியர்வை இருந்ததையும் சேர்த்து நினைவூட்டுகிறோம்.

பெருந்திரள் வந்தால் என்ன நடக்கும்? ஆல்ட்பாக் ஒளிக்காமல் சொல்கிறார். அரசுப் பணம் போதாமல் போகும், தனியார் நுழைவர், உச்சியில் சில நிறுவனங்கள் மின்னும், அடியில் உள்ளவற்றின் தரம் தேயும், நிரந்தர ஆசிரியர் குறைந்து தற்காலிக ஆசிரியர் பெருகுவர். நம் கண் முன்னே நடக்கவில்லையா இது? இந்தியக் கல்லூரிகளில் நூற்றுக்கு 75க்கு மேல் தனியார் நிர்வாகத்தில் இருக்கின்றன. அரசுக் கலைக் கல்லூரிகளிலே கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் தொகுப்பூதியத்துக்கு ஆண்டுக் கணக்கில் பாடம் நடத்துகிறார்கள். பெயரிலே கௌரவம், ஊதியத்திலே இல்லை! கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி படும் பாட்டை வகுப்பறையில் வாத்தியார் படுகிறார்.

உயர் கல்வியில் படிநிலைகள் இருந்தே தீரும், எல்லாக் கல்லூரியும் ஆராய்ச்சிக் கூடமாக முடியாது என்கிறார் பேராசிரியர். ஒப்புக் கொள்வோம். ஆனால் ஒரு நிபந்தனை. படி இருந்தால் ஏறவும் வழி வேண்டும். ஏற முடியாத படிக்குப் பெயர் படியல்ல, சுவர்! வருணத்தின் பெயரால் அந்தச் சுவரை ஏற்கெனவே பார்த்தவர்கள் நாம். தரத்தின் பெயரால் மீண்டும் கட்ட விடமாட்டோம்.

கலிபோர்னியா 1960இல் ஒரு திட்டம் தீட்டியது. தேர்ந்த மாணவருக்கு ஆராய்ச்சிப் பல்கலைக் கழகம், அடுத்த நிலையினருக்கு அரசுக் கல்லூரி, வந்தவர் எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரி என மூன்றடுக்கு. ஆனால் கீழடுக்கில் சேர்ந்தவன் இரண்டாண்டு நன்றாகப் படித்தால், மேலடுக்கில் மூன்றாமாண்டு சேர வழி வைத்தார்கள். பணத்தைப் பற்றிய பாடமும் உலகிலே கிடைக்கிறது. இங்கிலாந்து 1998இல் ஆண்டுக்கு 1000 பவுன் கட்டணம் என்று தொடங்கியது. 2012இல் அது 9000 பவுன் வரை ஏறிற்று. ஜெர்மனியில் சில மாநிலங்கள் கட்டணம் விதித்துப் பார்த்தன. எதிர்ப்புக் கண்டு, 2014க்குள் எல்லா மாநிலங்களும் அதைக் கைவிட்டன. கட்டணம் விதியல்ல, ஆள்வோர் எடுக்கும் முடிவு!

இனி நம் ஊருக்கு வருவோம். தோல் கழிவால் பாலாறு பாழானதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டுமென்றது. 2025 ஜனவரியில் மீண்டும் ஆணையிட வேண்டி வந்தது. இடையே 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்க் கசடுத் தொட்டி உடைந்து, தூங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். பாலாற்றங்கரையில் வேதியியல் பயிலும் மாணவன், பாலாற்று நீரை எடுத்துச் சோதிப்பதைப் பாடமாகப் படிக்க வேண்டாமா? அவன் தகப்பன் குரோம் தொட்டியில் நிற்கிறான். அந்தக் குரோமைப் பற்றி அயல்நாட்டான் எழுதியதை மனப்பாடம் செய்வதோடு மகனின் கல்வி முடிந்து விடுவதா?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. அரசுக் கல்லூரிக் காலியிடங்களில் நிரந்தர ஆசிரியரை அமர்த்துக. தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து பாலிடெக்னிக்குக்கும், பாலிடெக்னிக்கிலிருந்து பொறியியல் இரண்டாமாண்டுக்கும் உள்ள ஏணியைத் தோல், பாதரட்சைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஏறும்படி அகலமாக்குக. வேலை முடிந்து வருவோர் பயில மாலை வகுப்பும் வைக்க. பாலாற்று நீர், தோல் கழிவு, தொழிலாளர் உடல்நலம் மூன்றையும் இவ்வட்டாரக் கல்லூரிகளின் ஆராய்ச்சிப் பொருளாக்கிப் பணம் ஒதுக்குக. அந்த ஆராய்ச்சியைத் தொழிலாளி படித்தறியத் தமிழிலும் வெளியிடுக.

தோழர்களே, பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தாயிற்று என்று திண்ணையில் சாய்ந்து விடாதீர்கள். என்ன படிக்கிறாள், யார் நடத்துகிறார், படித்தபின் எந்தக் கதவு திறக்கும் என்று கேளுங்கள். யூனியன் கூட்டத்திலே போனஸ் பேசும்போது இதையும் பேசுங்கள். பாதி பதனிட்ட தோலை விற்று ஏமாந்த காலம் போயிற்று. நம் பிள்ளைகளைப் பாதிப் பதத்தில் விடும் காலமும் போகட்டும்!