குறுக்கு வழியா?



"வயிற்றை வெட்டிக்கொண்டு மெலிவது சோம்பேறிகளின் குறுக்கு வழி." அண்மையில் எங்கள் ஆசிரியர் அறையில் என் காதில் விழுந்த சொல் இது. ஓராண்டுக்கு முன் இரைப்பைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவன் நான். மறுக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

அறுவைக்கு முன் கல்லீரல் கொழுப்பைக் குறைக்க இரு வாரக் கடும் உணவுக் கட்டுப்பாடு. பின்னர் இரைப்பையில் ஏறத்தாழ 80 விழுக்காடு அகற்றப்பட்டது. தொடக்கத்தில் நீராகாரம், அடுத்துக் கூழ், பிறகே திட உணவு. இன்றும் முட்டையோ மீனோ முதலில், சோறு கடைசியில். உண்ணும்போது நீர் அருந்துவதில்லை. உயிர்ச்சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுதும். தே தாரிக்கும் இனிப்புப் பானமும் மிகுந்தால் இழந்த எடை மீண்டும் ஏறும்; வெட்டிய வயிறு அதைத் தடுக்காது. இதில் குறுக்கு வழி எங்கே?

2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். இத்தனை பேரையும் ஏளனத்தால் மெலிய வைத்துவிடலாமா? ஏளனத்திற்கு அஞ்சியே நான் பத்தாண்டுகள் மருத்துவரை நாடாதிருந்தேன். விருந்தில் "ஒரு வாய்தானே!" என்று தட்டில் திணிப்பவரும் பின்னர் நகைப்பவரும் ஒருவரே.

அன்று கதவருகே பயிற்சிப் புத்தகங்களுடன் நின்ற பருமனான மாணவனும் அச்சொல்லைக் கேட்டான். தலை குனிந்தான். அவனுக்காகவே இதை எழுதினேன். நாவடக்கமும் நாம் கற்பிக்க வேண்டிய பாடமன்றோ? சிந்திப்போமாக!