கலாசாலை விளையாட்டும் டெலிவிஷன் பணமும்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் நூறாண்டுக்கு மேலாக நின்று வந்த ஒரு கலாசாலைப் பந்தயச் சங்கம் 2023 ஆம் ஆண்டில் ஒரே கோடைக்குள் சிதறிப் போயிற்று. யுத்தமோ, பஞ்சமோ, அரசாங்கத் தடையோ எதுவும் அதற்கு நேரவில்லை. டெலிவிஷன் கம்பெனிகளின் பணமே அதைச் சிதைத்தது. பந்தாட்டக்காரர்களின் விவகாரத்தைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டுமோ என்று நேயர்களிற் சிலர் நினைக்கலாம். ஆனால் பொதுஜனங்களின் நிலத்தாலும் வரியாலும் எழுந்த சர்வகலாசாலைகளை யார் நடத்துவது, யாருடைய நன்மைக்காக நடத்துவது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. அக்கேள்வி எந்தத் தேசத்தாருக்கும் அந்நியமானதன்று.

அந்நாட்டு வழக்கத்தைச் சற்றே விளக்குவோம். அங்கே அண்டை அயலிலுள்ள சர்வகலாசாலைகள் சில ஒன்று கூடிக் கான்பரன்ஸ் என்று ஒரு சங்கம் அமைத்துக்கொள்கின்றன. சங்கத்தைச் சேர்ந்த கலாசாலைகள் ஆண்டுதோறும் தம்முள் பந்தயம் ஆடி முதன்மையைத் தீர்மானித்துக்கொள்ளும். பல விளையாட்டுக்கள் இருப்பினும் வருமானம் தருவது முக்கியமாகப் புட்பால். இது நாம் ஆடும் கால்பந்தன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஒருவரையொருவர் மோதி வீழ்த்தும் முரட்டு ஆட்டம். இதைக் காண லட்சக்கணக்கானவர் மைதானங்களில் கூடுகின்றனர். கோடிக்கணக்கானவர் வீட்டிலிருந்தே டெலிவிஷனில் பார்க்கின்றனர்.

1915 டிசம்பரில் ஆரிகன் ராஜ்யத்தின் போர்ட்லாண்டு நகரத்தில் நான்கு கலாசாலைகள் கூடிப் பசிபிக் கரைச் சங்கத்தை ஸ்தாபித்தன. 1959-ல் அது ஒரு முறை கலைந்து, வேறு பெயரில் புத்துருப் பெற்றது. உறுப்பினர் பெருகப் பெருகப் பெயரும் மாறிப் பசிபிக்-12 ஆயிற்று. 2022 ஜூன் 30-ந் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் இரு பெரிய சர்வகலாசாலைகளான ஸதர்ன் காலிபோர்னியாவும் யூ.சி.எல்.ஏ.-யும் தாம் விலகிப் பிக் டென் சங்கத்திற்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ விலகிற்று. ஆகஸ்டு 4-ந் தேதி ஒரே நாளில் ஆரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய ஐந்தும் விலகின. செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்போர்டும் காலிபோர்னியாவும் வேறிடத்தில் இடம் பெற்றன. பன்னிரண்டில் எஞ்சியவை ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே. அவற்றுள் ஆரிகன் ஸ்டேட் 1915-ல் சங்கத்தை ஸ்தாபித்த நால்வரில் ஒன்று.

போனவை போய்ச் சேர்ந்த இடங்களைப் பார்த்தால் நகைப்பு வருகிறது. பசிபிக் சமுத்திரத்தின் கரையிலுள்ள ஸ்டான்போர்டு இன்று அட்லாண்டிக் கரைச் சங்கத்தின் அங்கத்தினர். பாஸ்டன் நகரத்துக் கலாசாலையோடு ஆட ஏறக்குறைய 2,700 மைல் பறக்க வேண்டும். பிக் டென் என்றால் பெரிய பத்து. அதிலுள்ள கலாசாலைகள் பதினெட்டு. மத்திய மேற்குப் பிரதேசத்தாருக்கென்று 1896-ல் பிறந்த அச்சங்கம் இப்போது நியூஜெர்ஸியிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் வரையில் 2,400 மைலுக்கு மேல் விரிந்து கிடக்கிறது. கணக்கும் பூகோளமும் கற்பிக்கும் ஸ்தாபனங்களே கணக்கையும் பூகோளத்தையும் கைவிட்டன!

இந்நிலை எவ்வாறு வந்தது? 1951 முதல் கலாசாலைகளின் தேசீயப் பந்தய ஸ்தாபனம் டெலிவிஷனைத் தன் கைக்குள் வைத்திருந்தது. எந்தப் பந்தயம் எத்தனை முறை காட்டப்படலாம் என்பதை அதுவே நிர்ணயித்தது. பெரிய கலாசாலைகளுக்கு இது பிடிக்கவில்லை. ஓக்லஹோமா, ஜார்ஜியா சர்வகலாசாலைகள் வழக்குத் தொடுத்தன. 1984 ஜூன் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, இக்கட்டுப்பாடு 1890 ஆம் ஆண்டின் ஏகபோகத் தடுப்புச் சட்டத்திற்கு விரோதமானது என்று எழுவர் ஒரு பக்கமும் இருவர் மறு பக்கமுமாகத் தீர்ப்பளித்தது. அன்று முதல் பந்தயக் காட்சி சந்தைச் சரக்காயிற்று. அதை விற்கும் உரிமை கலாசாலைகளுக்கும் அவற்றின் சங்கங்களுக்கும் கிடைத்தது.

அந்தத் தீர்ப்பில் மாறுபட்ட இருவருள் ஒருவர் நீதிபதி பைரன் ஒயிட். இவர் தம் வாலிபத்தில் புகழ் பெற்ற புட்பால் வீரர். கலாசாலைப் பந்தயத்தை வெறும் லாபத்திற்காக நடக்கும் வியாபாரமாகக் கருதியது கோர்ட்டின் பிழை என்றும், விளையாட்டைக் கல்வியின் அங்கமாக வைத்திருப்பதே அக்கட்டுப்பாடுகளின் நோக்கம் என்றும் அவர் எழுதினார். பெரும்பான்மையோர் கூறிய நியாயத்தையும் நாம் மறுக்கவில்லை. ஒரு ஸ்தாபனம் சரக்கைக் குறைத்து விலையை ஏற்றுவது நியாயமென்று எவர் சொல்வார்? ஆயினும் நாற்பது ஆண்டு அனுபவம் ஒயிட்டின் அச்சத்தை மெய்ப்பித்துவிட்டது. அவர் ஆடிய கலாசாலை கொலராடோ. 2023-ல் பசிபிக் சங்கத்தின் இறுதிச் சரிவைத் தொடங்கி வைத்ததும் அதே கொலராடோதான்.

பணத்தின் அளவு சாமான்யமானதன்று. 2022 ஆகஸ்டில் பிக் டென் மூன்று டெலிவிஷன் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வெளியாயிற்று. தேசத்தின் முதன்மைப் பந்தயங்களுக்கு மட்டும் ஆறு ஆண்டுகளுக்கு 780 கோடி டாலர் என்று 2024-ல் பேசி முடித்தார்கள். பசிபிக் சங்கத்துக்குக் கடைசியாகக் கிடைத்ததோ, ஆப்பிள் கம்பெனியின் சந்தாதாரர் தொகைக்கு ஏற்பக் கூடவும் குறையவும் கூடிய ஒரு பேரம். நிச்சயமான பணத்தை நாடி ஓடினார்கள். ஓடியவர்களிலும் சிலர் குறைந்த பங்குக்கு இசைந்தார்கள். அட்லாண்டிக் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த டெக்ஸாஸ் கலாசாலை ஒன்று, ஒன்பது ஆண்டுகளுக்கு டெலிவிஷன் பங்கே வேண்டாம், இடம் கொடுத்தாற் போதும் என்று உள்ளே நுழைந்தது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி டெலிவிஷன் கம்பெனி.

இந்தப் பணத்துக்கு விலை கொடுப்பவர் யார்? புட்பால் வாரத்திற்கு ஒரு முறை, ஆண்டுக்குப் பன்னிரண்டு பந்தயம் அளவில் நடப்பது. அதன் வீரர்களுக்குத் தனி விமானமும் உண்டு. ஒப்பந்தம் அவர்களுடைய ஆட்டத்திற்காகச் செய்யப்பட்டது. ஆனால் சங்கம் மாறினால் கைப்பந்து ஆடும் பெண்ணும், நீந்துகிறவனும், பேஸ்பால் ஆடுகிறவனும் கூடவே மாற வேண்டும். பேஸ்பாலில் ஒரு பருவத்திற்கு ஐம்பதுக்கு மேற்பட்ட பந்தயங்கள். கடிகாரத்தில் மூன்று மணி வித்தியாசமுள்ள ஊருக்குப் பறந்து, ஆடி, நள்ளிரவில் திரும்பி, மறுநாள் காலையில் ரசாயன வகுப்பில் அமரும் மாணாக்கனுக்கு இவ்வொப்பந்தத்தால் என்ன நன்மை? அவனைக் கேட்டவர் யார்?

விடப்பட்ட இரு கலாசாலைகளின் கதை இன்னும் வருந்தத்தக்கது. ஆரிகன் ஸ்டேட் இருப்பது கார்வாலிஸ் என்ற சிற்றூரில். வாஷிங்டன் ஸ்டேட் இருப்பது கோதுமை வயல்கள் சூழ்ந்த புல்மனில். இரண்டும் 1862-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின் பயனை அடைந்தவை. குடியானவர் மக்களும் தொழிலாளர் மக்களும் உயர்ந்த கல்வி பெற வேண்டுமென்று, தேசத்தின் பொது நிலத்தை ராஜ்யங்களுக்கு அளித்து, விவசாயமும் யந்திரத் தொழிலும் கற்பிக்கும் கலாசாலைகளை நிறுவச் செய்த சட்டம் அது. 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக் பந்தயத்தில் முதுகுப்புறமாக உயரந்தாண்டிப் பொற்பதக்கம் பெற்று, உலகம் முழுவதும் அந்தக் கலையையே மாற்றிய டிக் பாஸ்பரி ஆரிகன் ஸ்டேட்டின் மாணாக்கர். 1978-ல் மூன்று மாதத்திற்குள் நான்கு உலக சாதனைகளை முறியடித்த கென்ய நாட்டு ஹென்ரி ரோனோ வாஷிங்டன் ஸ்டேட்டில் பயின்றவர். இவ்விரு கலாசாலைகளையும் கைவிடத் தகுதிக் குறைவு காரணமன்று. பெரிய நகரங்கள் பக்கத்தில் இல்லை; ஆகவே டெலிவிஷன் பார்ப்போர் தொகை குறைவு. அவ்வளவே அவை செய்த குற்றம். 2025-ல் வாஷிங்டன் ஸ்டேட் பணமுடையால் தன் ஓட்டப் பந்தயப் பிரிவைச் சுருக்கி, நெடுந்தூர ஓட்டத்தை வைத்துக்கொண்டு, எறிதல், தாண்டுதல் முதலியவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது.

பழைய உறவுகளும் அறுந்தன. டெக்ஸாஸ், டெக்ஸாஸ் ஏ அண்டு எம். கலாசாலைகளின் போட்டி 1894-ல் தொடங்கியது. சங்க மாற்றத்தால் 2011-க்குப் பின் நின்று, 2024-ல்தான் மீண்டும் நடந்தது. ஓக்லஹோமாவின் இரு கலாசாலைகளும் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த புட்பால் பந்தயம் 2023-க்குப் பின் நின்றது. தகப்பனும் மகனும் ஒரே பந்தயத்தைப் பற்றிப் பேசும் உரிமை எந்த ஒப்பந்தத்திலும் விலை பேசப்படவில்லை. விலை இல்லாததால் அதைக் காப்பாரும் இல்லை.

எல்லாவற்றினும் நாம் கண்டிப்பது, இது நடந்த முறை. யூ.சி.எல்.ஏ. காலிபோர்னியா ராஜ்யத்தின் பொதுச் சொத்து. அதன் சகோதரக் கலாசாலை பெர்க்லியில் இருக்கிறது. இரண்டிற்கும் தர்மகர்த்தர்கள் ஒருவரே. அவர்கள் பகிரங்கமாகக் கூடி விவாதிக்கு முன்பே விலகல் அறிவிக்கப்பட்டது. கவர்னர் விளக்கம் கேட்ட பின், 2022 டிசம்பரில் பதினொருவர் ஆதரவும் ஐவர் எதிர்ப்புமாகத் தர்மகர்த்தர்கள் அதை அங்கீகரித்தார்கள். பிறகு 2024-ல், நஷ்டமடைந்த பெர்க்லிக்கு யூ.சி.எல்.ஏ. ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் கொடுக்க வேண்டுமென்று தீர்மானித்தார்கள். ஒரு தாயின் ஒரு பிள்ளை மறு பிள்ளைக்கு நஷ்ட ஈடு கொடுக்கும்படி நேர்ந்தால் குடும்பத்தை நடத்தியவரின் லக்ஷணம் என்னவென்று சொல்ல வேண்டுமா?

எதிர்க்கட்சியார் கூறும் சமாதானம் ஒன்றுண்டு. புட்பால் பணம்தான் வருமானமில்லாத மற்ற விளையாட்டுக்களைப் போஷிக்கிறது, யூ.சி.எல்.ஏ.-யின் விளையாட்டு இலாகா பெரும் பற்றாக்குறையில் ஆழ்ந்திருந்தது; பணமின்றி எல்லாம் மூட வேண்டியதாகும் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. பணம் தேடியதை நாம் குற்றஞ் சொல்லவில்லை. ஆனால் போஷிப்பதாகச் சொல்லப்படும் விளையாட்டுக்களையே கண்டம் விட்டுக் கண்டம் போவது போல் அலைய விட்டு அலுக்கச் செய்வது என்ன போஷணை? மேலும், வருமானம் பெருகியபோதெல்லாம் பயிற்சியாளர் சம்பளமும் கட்டிடச் செலவும் அதனோடு பெருகின. ஆடி உழைத்த மாணாக்கனுக்கோ வெகுகாலம் கல்விச் சலுகைக்கு மேல் ஒன்றும் இல்லை. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாக அவன் பக்கம் தீர்ப்பளித்தது. 2025 ஜூனில் ஒரு ராஜி அங்கீகரிக்கப்பட்டு, முதலாண்டில் ஒவ்வொரு கலாசாலையும் 2.05 கோடி டாலர் வரையில் ஆட்டக்காரருக்குப் பகிர்ந்தளிக்கலாம் என்று ஏற்பட்டது. இது நியாயமே. ஆனால் இந்த நியாயத்தைக் கலாசாலைகள் தாமாக வழங்கவில்லை. கோர்ட்டு வாசலில் அவர்களிடமிருந்து வாங்க வேண்டியிருந்தது.

வேறு வழியே இல்லையா? பிக் டென் சங்கத்தை ஸ்தாபித்தவற்றுள் சிகாகோ சர்வகலாசாலையும் ஒன்று. அது 1939-ல், தலைவர் ஹட்சின்ஸ் காலத்தில், புட்பாலைக் கைவிட்டது. 1946-ல் சங்கத்தையும் விட்டது. அதன் புட்பால் மைதானத்தின் ஆசன வரிசைகளுக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2-ந் தேதி, அணுவின் தொடர்வினையை மனிதன் முதன் முதலாகத் தன் கட்டுப்பாட்டில் நடத்திக் காட்டினான். பிற்காலத்தில் அங்கே புட்பால் சிறிய அளவில் திரும்பி வந்தது. இடையில் அந்தக் கலாசாலையின் புகழ் குன்றவில்லை. எல்லாரும் சிகாகோவைப் பின்பற்ற வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஆட்டம் ஜனங்களுக்கு ஆனந்தம் தருவது. கலாசாலை ஆட்டத்துக்கு எஜமானாயிருக்க முடியும் என்பதற்கே இதைச் சொன்னோம்.

செய்யத் தக்கவை மூன்று. முதலாவது, புட்பாலைத் தனியே பிரித்து அதன் ஒப்பந்தம் எங்கே கொண்டுபோனாலும் போகட்டும். மற்ற விளையாட்டுக்கள் அண்டைக் கலாசாலைகளோடு பழையபடி ஆடட்டும். இரண்டாவது, 1961 ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளத்திற்கு ஆடும் பந்தய சங்கங்கள் தம் டெலிவிஷன் உரிமையை ஒன்றாகச் சேர்த்து விற்க அனுமதிக்கிறது. அந்த அனுமதியைக் காங்கிரஸ் சபை கலாசாலைகளுக்கும் அளிக்கலாம். பழைய ஏகபோகம் திரும்பாதபடி, சிறிய கலாசாலைக்கும் பங்கு, மாணாக்கர் படிப்புக்குப் பாதுகாப்பு என்ற நிபந்தனைகளை அதிலேயே எழுதிவிட வேண்டும். மூன்றாவது, பொதுக் கலாசாலை எதுவும் பகிரங்க விசாரணையும் வாக்கெடுப்பும் இன்றிச் சங்கம் மாறலாகாது.

சிதறிய சங்கத்தின் பெயர் இன்னும் அழியவில்லை. எஞ்சிய இருவரும் கோர்ட்டுக்குச் சென்று சங்கத்தின் நிர்வாகத்தைத் தம் வசமாக்கிக்கொண்டார்கள். 2024-ல் பாய்ஸி ஸ்டேட், ஸான் டியாகோ ஸ்டேட் முதலான கலாசாலைகள் அவர்களோடு சேர இசைந்தன. அவர்களுடைய தைரியத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் தைரியசாலிகள் தப்பிப் பிழைத்தார்கள் என்பதால் அநீதி நீதியாகிவிடாது. சர்வகலாசாலையின் தர்மகர்த்தர்கள் ஜனங்களின் பொருளுக்குக் காவலர்கள். அவர்கள் ஏலக்கூடத்தில் வந்து நிற்பார்களாயின், அடுத்த முறை ஏலம் விடப்படுவது பந்தாட்டத்தோடு நிற்குமென்று யார் உறுதி சொல்ல முடியும்?