தோல் இனிக்குது, கறி மட்டும் கசக்குதா?



ஆம்பூர் என்றதும் வெளியூர்க்காரங்க ரெண்டே விஷயம்தான் சொல்வாங்க. ஒண்ணு பிரியாணி, இன்னொண்ணு தோல். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை, ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் நம்பித்தான் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிகிறது.

அந்த ஆம்பூரில் 2022 மே 13 முதல் 15 வரை பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாகத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. இருபதுக்கும் மேற்பட்ட வகைகளாம். ஆனால் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை! எதிர்ப்பு கிளம்பியது. வெளியே இலவசமாகக் கொடுப்போம் என்று சில கட்சிகளும் அமைப்புகளும் அறிவித்தன. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இது பாகுபாடு இல்லையா என்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது.

"ஒரு பிரியாணிக்கா இவ்வளவு சண்டை?" என்று கேட்கலாம். சண்டை பிரியாணிக்காக அல்ல நண்பர்களே, அரசாங்கப் பந்தியில் யாருக்கு இலை போடுவது என்பதற்காக! தலித், முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் அது சாதாரணச் சாப்பாடு. ஆட்டுக்கறி விலையைக் கேட்டாலே தலை சுத்துது. கூலி வேலை செய்கிறவர் தன் பிள்ளைக்குக் கட்டுப்படியாகிற விலையில் வாங்கும் சத்து அது. மாட்டுத்தோலைப் பதப்படுத்தும் கைக்குச் சம்பளம் உண்டு; அதே கை பிசைந்து உண்ணும் சோற்றுக்கு மரியாதை கிடையாதா?

"மத்தவங்க மனசு புண்படுமே" என்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர் கோழிக் கடையைத் தாண்டிப் போவதில்லையா? வேண்டாதவர் அந்தக் கடைக்குப் போக வேண்டாம், அவ்வளவுதானே! தமிழ்நாட்டில் மாட்டுக்கறி விற்பதும் உண்பதும் குற்றமல்ல. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் இதே கேள்வி எழுந்தது. கேட்ட பிறகு கடை வந்தது. கேட்டால்தான் கிடைக்கும்!

நாளை நாமும் கம்பெனியில் சூப்பர்வைசராக, அரசு அலுவலராக உட்காரப் போகிறவர்கள். கேன்டீன் பட்டியலை நாமே எழுதும் நாள் வரும். அதுவரை காத்திருக்க வேண்டுமா என்ன? டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி மட்டும் திறந்து, குனிந்து சாப்பிடும் தோழன் நம் வகுப்பிலும் இருக்கலாம். அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவன் சாப்பாட்டை நீங்கள் தின்ன வேண்டியதில்லை. மூடியை முழுசாகத் திறக்க அவனுக்குக் கூச்சம் இல்லாமல் செய்தால் போதும்!