சொன்னால் கேட்பதில்லை

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தினமும் காலை ஏழரை மணிக்கு மூன்று வி.ஐ.பி.க்கள் வந்து இறங்குவார்கள். ஒருத்தருக்கு வயது நாலு. இன்னொருத்தருக்கு இரண்டரை. மூன்றாவது ஆளுக்கு எட்டு மாசம். அவர் வந்து இறங்குவதில்லை, இறக்கி வைக்கப்படுகிறார். சாயந்திரம் வரை இவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். இங்கே இதற்கு சைல்ட்மைண்டர் என்று பெயர்.

"கொழந்தையப் பாத்துக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமாடி? நம்ம தெருவுல பக்கத்து வீட்டு மாமி சும்மாவே பாத்துப்பாளே!" என்று திருச்சியிலிருந்து அம்மா போனில் கேட்டாள்.

அம்மா, அந்த மாமி எங்கேயும் பதிவு செய்துகொண்டதில்லை. நான் செய்திருக்கிறேன். ஆஃப்ஸ்டெட் என்ற அரசாங்க அமைப்பின் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். 12 மணி நேர முதலுதவிப் பயிற்சி வேண்டும். அதையும் மூன்று வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கெல்லாம் போலீஸ் ரெக்கார்டு சரிபார்ப்பு உண்டு. என் வீட்டுக்காரருக்கும் நடந்தது. 'இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும்' என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வயது வராத வாண்டுகள் பொதுவாக மூன்று பேருக்கு மேல் கூடாது. அந்தக் கணக்கில் வீட்டுக்காரரைச் சேர்ப்பதில்லை. இது மட்டும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

*

பால் கொடுப்பது, தூங்க வைப்பது, மூக்குத் துடைப்பது எல்லாம் சுலபம். கஷ்டமான விஷயம், நோட்டுப் புஸ்தகம்.

பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது, எப்படி வளர்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும். இதற்காக இங்கிலாந்தில் 2008-ல் ஒரு சட்டதிட்டம் வந்தது. பேச்சு, உடம்பு, மனசு, எழுத்து, கணக்கு, உலகம், கலை என்று இப்போது ஏழு பிரிவுகள். குழந்தை ஐந்து வயதுக்குள் எட்ட வேண்டிய இலக்குகள் ஆரம்பத்தில் 69. ஐ.ஏ.எஸ்.ஸுக்கே இவ்வளவு இருக்காது! 2012-ல் யாருக்கோ இரக்கம் வந்து 17 ஆகக் குறைத்தார்கள்.

அந்த ஆரம்ப காலத்தில் நான் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு வாண்டு கட்டை மேல் கட்டை வைத்தால் போதும், கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். போட்டோ எடுத்து, ஒட்டுச் சீட்டில் தேதி போட்டு, எந்த இலக்கு என்று தேடி எழுதி நிமிர்வதற்குள் கட்டையும் சரிந்திருக்கும், அடுப்பில் சாம்பாரும் தீய்ந்திருக்கும்.

பயிற்சி வகுப்பில் ஒரு அம்மணி ஒன்று சொன்னார்: "பார்த்ததை எழுதுங்கள். நினைத்ததை எழுதாதீர்கள்."

வீட்டுக்கு வந்து, எளிதில் கிடைக்கிற ஆள் மேல் பயிற்சி செய்தேன்.

'வீட்டுக்காரர். வயது 46. சோம்பேறி.' இது தப்பு. இது என் அபிப்பிராயம்.

'10.05: பாத்திரம் கழுவுவதாகச் சொன்னார். 10.40: சோபாவில் இருந்தார். 11.15: பாத்திரமும் அவரும் அதே இடத்தில்.' இது சரி!

எழுதியதை அவரிடம் காட்டினேன். "இதையெல்லாமா எழுதுவே?" என்றார். அன்று மட்டும் பாத்திரம் கழுவப்பட்டது.

*

போன வருஷம் என்னிடம் ஒரு பையன் வந்தான். இரண்டு வயது முடிந்திருந்தது. அம்மா மதுரைப் பக்கத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடியற்காலை ஷிப்ட் என்றால் அப்பா தூக்கிக்கொண்டு வருவார்.

பையன் பேசவில்லை. 'ஊ', 'ஆ' தவிர ஒன்றும் இல்லை. மதுரைப் பாட்டி வீடியோவில் வந்து, "எங்க வம்சத்துல ஆம்பளப் பயலுக லேட்டாத்தேன் பேசுவாய்ங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். இங்கே யாரோ, "ரெண்டு பாஷை பேசினா பிள்ளை குழம்பிப் போயிடும்" என்று பயமுறுத்த, அந்தப் பெண் மகனிடம் தமிழ் பேசுவதையே நிறுத்திவிட்டாள். தாலாட்டு உள்பட.

இங்கே இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வளர்ச்சிக் குறிப்பு எழுதிப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். ஒரு ராத்திரி நோட்டைப் பிரித்து உட்கார்ந்தேன்.

என் கையெழுத்திலேயே மூன்று இடத்தில் இருந்தது: 'பிடிவாதம். சொன்னால் கேட்பதில்லை.'

பாத்திரம் கழுவாத வீட்டுக்காரருக்குக் கொடுத்த நியாயத்தைக்கூட நான் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை! அபிப்பிராயங்களை எல்லாம் அடித்துவிட்டு, பார்த்ததை மட்டும் வரிசையாகப் படித்தேன்.

'சமையலறையிலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை.'

'எதிரே உட்கார்ந்து பந்து கேட்டேன். உடனே கொடுத்தான்.'

'டி.வி.க்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றான்.'

'ஜலதோஷம். இன்று ரொம்ப மோசம். எதற்கும் திரும்பவில்லை.'

சொன்னால் கேட்பதில்லை. ஆமாம், கேட்கவில்லைதான்! காதில் விழவில்லை. தமிழில் 'கேட்பது' என்று ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு வேலைக்கும் பயன்படுத்துகிறோம். நான் தப்பான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் குழந்தையை இரண்டு தடவை அதட்டி ஓரமாக உட்கார வைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாயந்திரம் அவளிடம் நோட்டை நீட்டினேன். வாசலில் நின்றபடியே படித்தாள். முகம் மாறியது.

"அக்கா, எம் புள்ளைக்கு என்னக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா. நான் டாக்டர் இல்லை. பாத்ததை எழுதியிருக்கேன். இதைக் கொண்டுபோய்க் காட்டு."

"நானே நர்ஸு. எனக்குத் தெரியலியேக்கா..."

"வீட்ல நீ எப்பவும் அவன் முகத்துக்கு நேரேதானே பேசறே. கண்ணைப் பாத்தே புரிஞ்சுக்குவான். கெட்டிக்காரன்."

நான் எழுதினதை அவள் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. அவளே எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வாங்கிப் படித்துவிட்டுக் காது பரிசோதனைக்கு அனுப்பினார்.

க்ளூ இயர்! செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டிக்கொள்ளும். சின்னக் குழந்தைகளுக்கு சகஜமாக வருவது. வலி பெரிதாக இருக்காது. அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது. காதில் பஞ்சு அடைத்த மாதிரி சத்தம் மங்கும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும். இவனுக்கு வடியவில்லை. செவிப்பறையில் பொடிசாக ஒரு குழாய் வைத்தார்கள்.

வீட்டு பாஷையை நிறுத்தவே வேண்டாம் என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் அவளிடம் அடித்துச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி தாலாட்டு மறுபடி ஆரம்பமானதாம்.

அடுத்த வாரம் என் நோட்டில் இப்படி எழுதினேன்: 'காலை 9.20: ஃப்ரிட்ஜ் உறுமியது. திரும்பிப் பார்த்தான். என்னையும் பார்த்தான்.' எந்த இலக்கில் சேர்ப்பது என்று தேடவில்லை.

நாலைந்து மாதம் கழித்து முதல் வார்த்தை தெளிவாக வந்தது. ஆசை ஆசையாக இட்லி ஊட்டினேன். "வேணாம்" என்றான். சுத்தமான தமிழ்! அவன் அம்மா வாசலிலேயே அழுதுவிட்டாள். இட்லிக்காக நானும் கொஞ்சம் அழுதேன்.

*

2021-ல் சட்டதிட்டத்தை மறுபடி மாற்றினார்கள். மலை மலையாகத் தாள் சேர்க்க வேண்டாம், போட்டோ ஆதாரம் வேண்டாம், பிள்ளையோடு இருங்கள், பிள்ளையைத் தெரிந்து வைத்திருங்கள், அது போதும் என்கிறார்கள். நல்லதுதான். சாம்பார் பிழைத்தது. ஆனாலும் நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 'சொன்னால் கேட்பதில்லை' என்று எழுதி அடித்து வைத்திருக்கிறேன், எனக்கே ஒரு ஞாபகத்துக்காக.

இத்தனையும் தெரிந்தபின் சும்மா இருப்பேனா? 'சமையலறையிலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை' என்று வீட்டுக்காரர் பக்கத்தில் பதினாறு வரி சேர்ந்திருந்தது. பயந்துபோய் அவரையும் காது பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு காதும் பிரமாதமாம். குண்டூசி விழுந்தால்கூடக் கேட்குமாம்.

ஆக, அவர் விஷயத்தில் மட்டும் முதலில் எழுதிய அபிப்பிராயமே சரி!