பால்கனி யாருக்குச் சொந்தம்?

சொந்தப் பணத்தைக் கொட்டி ஒரு வீடு வாங்குகிறீர்கள். பத்திரம் உங்கள் பெயரில். சாவி உங்கள் கையில். வரி கட்டுவதும் நீங்கள்தான். ஆனால் அந்த வீட்டுப் பால்கனியில் ஒன்பது நாட்களுக்கு ஒரு பந்தல் போடக்கூடாது என்று குடியிருப்பு நிர்வாகக் குழு தடுத்தால் என்ன செய்வீர்கள்?

இது கற்பனை அல்ல சகோதரர்களே! கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2004 ஜூன் 30 அன்று முடிவுக்கு வந்த நார்த்கிரெஸ்ட் வழக்கு அது.

வசதியானவர்கள் வாழும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில யூதக் குடும்பங்கள் வீடு வாங்கியிருந்தன. ஆண்டுதோறும் வரும் கூடாரப் பண்டிகையின்போது யூதர்கள் திறந்த வானத்தின் கீழ், கிளைகளால் கூரை வேய்ந்த பந்தலில் உண்பார்கள், தங்குவார்கள். 1996-ல் ஒருவர் தம் பால்கனியில் அப்படியொரு பந்தல் போட்டார். அகற்றச் சொன்னது நிர்வாகம். மறு ஆண்டு முறைப்படி அனுமதி கேட்டார். மறுத்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பந்தல் போடலாம் என்று யோசனை சொன்னது. அவரவர்க்குத் தனிப்பந்தல் வேண்டும் என்பதே தங்கள் நம்பிக்கை என்றார்கள் அந்தக் குடும்பத்தார். நிர்வாகம் தடையுத்தரவு கேட்டு நீதிமன்றம் ஏறியது.

யூதர்களின் வழக்கு நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். வழக்காடியவர் யார் என்று பார்க்க வேண்டாம். நியாயம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நிர்வாகத்திற்கும் ஒரு நியாயம் இருந்தது. பால்கனி பொதுப் பகுதி. ஒட்டியுள்ள வீட்டார் மட்டும் பயன்படுத்திக் கொள்ளலாம். அதில் அலங்காரமோ, மாற்றமோ, கட்டுமானமோ கூடாது. இதுதான் குடியிருப்பின் விதி. வீடு வாங்கிய ஒவ்வொருவரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள். வேடிக்கை என்னவென்றால், வழக்காடியவர்களில் ஒருவர்கூட வீடு வாங்குமுன் அந்த விதிகளைப் படித்திருக்கவில்லை!

1998-லும் 2002-லும் கீழ் நீதிமன்றங்கள் நிர்வாகத்தின் பக்கமே நின்றன. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அதை மாற்றினார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி இயாக்கோபுச்சி.

அவர் சொன்னதன் சாரம் என்ன? ஒருவரின் நம்பிக்கை உளப்பூர்வமானதா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்க வேண்டும். மத அறிஞர்களைக் கூண்டில் ஏற்றி, இது கட்டாயக் கடமையா இல்லையா என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல. ஆண்டுக்கு ஒன்பது நாள் பந்தலால் கட்டடத்தின் அழகுக்கு வரும் குறை மிகச் சிறியது. தடுத்தால் அந்தக் குடும்பங்களுக்கு வரும் இழப்போ பெரியது.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நம் நாட்டில் 1954-ன் சிரூர் மடம் வழக்கு முதல், ஒரு வழக்கம் அந்த மதத்திற்கு இன்றியமையாததா என்று நீதிமன்றங்களே ஆராய்ந்து வந்துள்ளன. 2022-ல் ஹிஜாப் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் செய்ததும் அதுதான். மாண்ட்ரியல் பந்தலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பது இப்போது விளங்குகிறதா?

அதற்காக, மாறுபட்ட நால்வரின் கருத்தையும் ஒதுக்கிவிட முடியாது. அவர்களில் ஒருவரான நீதிபதி பின்னி கேட்டது நியாயமான கேள்வி. தங்கள் மார்க்கத்திற்கு எது தேவை என்பது வாங்குபவர்களுக்குத்தானே தெரியும்? அதற்கு இடம் தரும் கட்டடத்தை அவர்களே தேடியிருக்கலாமே? அண்டை வீட்டாருக்குக் கொடுத்த வாக்கு வாக்கில்லையா?

வாக்குதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி என்பதாலேயே அது எல்லோருக்கும் ஒரே சுமையாகி விடாது. அமெரிக்காவில் சிகாகோ நகரக் குடியிருப்பு ஒன்றில் 2001-ல் ஒரு விதி போட்டார்கள். கதவுக்கு வெளியே மிதியடி, காலணி, வண்டி, வேறெந்தப் பொருளும் கூடாது! படித்தால் எவ்வளவு சாதாரண விதி! 2004-ல் அதே விதியைக் காட்டி, யூதக் குடும்பங்கள் நிலைக்காலில் பதிக்கும் மெஸூஸா என்ற வேத வாசகப் பேழையைப் பிடுங்கினார்கள். ஒரு குடும்பத்தார் மையித்தை அடக்கம் செய்யப் போயிருந்த நேரத்தில்கூட அது நடந்தது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்து, விசாரணைக்கு அனுப்பியது. காலணிக்கும் வேத வாசகத்திற்கும் வித்தியாசம் தெரியாத விதி, சமத்துவம் ஆகுமா?

எனவே வாசகர்களே, அடுக்குமாடியில் வீடு வாங்கும் முன் பைலாவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எது உங்களுடையது, எது பொதுவானது என்று தெரிந்து கொள்ளுங்கள். உங்கள் மார்க்கத்திற்கு அவசியமானது ஏதும் இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். கட்டிவிட்டு அனுமதி கேட்காதீர்கள். மாண்ட்ரியல் குடும்பங்கள் வென்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தீ விபத்து ஏற்பட்டால் தப்பும் வழியை மறிக்க மாட்டோம், கட்டடத்தின் தோற்றத்திற்கு இயன்றவரை பொருந்தப் போடுவோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். உரிமை கேட்பவர் விட்டுக்கொடுக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

குடியிருப்புக் குழுக்களில் நம்மவர்களும் தலைவர்களாக, செயலாளர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. விதிப் புத்தகத்தைத் திறக்கும் முன் அந்த வீட்டின் கதவைத் தட்டுங்கள். அனுமதித்தால் நமக்கு என்ன நட்டம், மறுத்தால் அவருக்கு என்ன நட்டம் என்று எடை போடுங்கள். அவர் வேற்று மதத்தவராக இருந்தால் இரண்டு முறை எடை போடுங்கள்.

ஒன்பது நாள் பந்தலுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு! தீர்ப்பு வந்த பிறகும் இரு தரப்பும் அதே கட்டடத்தில்தான் வாழ வேண்டும். கோர்ட் பால்கனியைத் தரலாம். பக்கத்து வீட்டாரின் சலாமையும் சிரிப்பையும் எந்தக் கோர்ட் தரும்? சிந்தியுங்கள்!