ஞானப்பெற்றோர் எங்கே?

எரேமியா இறைவாக்கினர் நூலின் 35ஆம் அதிகாரம் இரேக்காபியர் என்னும் குடும்பத்தாரைப் பற்றிக் கூறுகின்றது. ஆண்டவரின் கட்டளைப்படி எரேமியா அவர்களை ஆலயத்துக்கு அழைத்து, திராட்சை இரசக் கிண்ணங்களை முன்வைத்துப் பருகச் சொன்னார். அவர்களோ மறுத்துவிட்டனர். மூதாதை யோனதாபு இட்ட கட்டளையே அவர்கள் கூறிய காரணம். அழைத்தவர் இறைவாக்கினர், இடமோ திருக்கோவில். ஆயினும் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஊட்டப்பட்ட சொல்லே அவர்களைத் தாங்கி நின்றது.

கானாவூரில் தண்ணீரை இரசமாக்கிய ஆண்டவரின் திருச்சபை, இரசத்தைத் தீயதெனக் கற்பிப்பதில்லை, குடிவெறியையே கண்டிக்கின்றது. எனினும் அளவறிவதற்கு முதிர்ச்சி வேண்டும். அது சிறுவருக்கு இல்லை. குடிப்பழக்கம் எவ்வளவு இளவயதில் தொடங்குகின்றதோ, பிற்காலத்தில் அதற்கு அடிமையாகும் ஆபத்தும் அவ்வளவு கூடுதல் என்பது மருத்துவர் அறிந்த உண்மை.

நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுசாரம் விற்பதைத் தடைசெய்கின்றது. ஆனால் சட்டம் கடை வாசலோடு நின்றுவிடுகின்றது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம் வீடுகளில் திருமுழுக்கு, முதல்நன்மை விருந்துகளின்போது நடப்பதென்ன? காலையில் நற்கருணை பெற்ற பிள்ளையின் கையிலேயே மாலையில் சோடாவையும் ‘பைட்ஸ்’ தட்டையும் கொடுத்து, மாமன்மார் இருக்கும் அறைக்கு அனுப்புகின்றோம். மதுவின்றி மகிழ்ச்சியில்லை என்ற பாடத்தை அப்பிள்ளை அன்றே கற்றுக்கொள்கின்றது.

பிள்ளைகளுக்கு வழிகாட்டிகள் தேவை எனப் பலரும் இன்று பேசுகின்றனர். திருச்சபையோ ஒவ்வொரு பிள்ளைக்கும் திருமுழுக்குத் தொட்டியருகிலேயே வழிகாட்டியைத் தருகின்றது. ஞானத்தந்தையும் ஞானத்தாயும் பிள்ளை கிறிஸ்தவ வாழ்வு வாழத் துணைநிற்க வேண்டுமெனத் திருச்சபைச் சட்டத்தின் 872ஆம் இலக்கம் கூறுகின்றது. நாமோ அவர்களைச் சங்கிலி அணிவிப்பவர்களாகவும் நத்தாருக்குப் பரிசு அனுப்புபவர்களாகவும் சுருக்கிவிட்டோம்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1856இல் பிறந்த மத்தேயு டால்போட், ஏறக்குறைய 12 வயதில் மதுபான வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து குடிக்கத் தொடங்கினார். 1884இல், 28ஆம் வயதில், குடியை விடுவதாக வாக்களித்தார். 1925இல் இறக்கும்வரை 41 ஆண்டுகள் அவ்வாக்கைக் காத்தார். 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. அவருடைய மனமாற்றத்தைப் போற்றுகின்றோம். ஆனால் 12 வயதுச் சிறுவனாக அவர் முதற்கிண்ணத்தை எடுத்த நாளில், அன்போடு தடுக்க அருகில் ஒருவர் இருந்திருந்தால், இழந்துபோன அந்த 16 ஆண்டுகளை அவர் இழந்திருக்க வேண்டியதில்லை அன்றோ? அதே நாட்டில் 1898இல் இயேசுசபைக் குரு ஜேம்ஸ் கலன் மதுவிலக்குச் சங்கமொன்றைத் தொடங்கினார். உறுதிப்பூசுதல் பெறும் பிள்ளைகள் 18 வயதுவரை மதுவைத் தொடுவதில்லையென வாக்களிக்கும் வழக்கமும் அங்கு வேரூன்றியது.

நாம் செய்யக்கூடியவை எளியவையே. ஞானப்பெற்றோர் மாதமொருமுறையேனும் பிள்ளையைச் சந்திக்கட்டும். பெற்றோரின் அறிவோடு வெள்ளவத்தைக் கடற்கரைக்கோ கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கோ அழைத்துச் செல்லட்டும். அதன் நண்பர்களின் பெயர்களை அறிந்திருக்கட்டும். மதுவைப் பற்றி அச்சுறுத்தாமல், மறைக்காமல், பத்து வயதுக்கு முன்பே பேசட்டும். தந்தையே குடிக்கும் வீட்டில் இக்கடமை இரட்டிப்பாகின்றது. அங்குள்ள பிள்ளைக்கு, இரவில் அழைத்துப் பேச நம்பத்தக்க பெரியவர் ஒருவர் வேண்டும். அறிவுரை கூறுபவர் தம் கையிலுள்ள கிண்ணத்தை முதலில் கீழே வைத்தாக வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

திமொத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் முதலில் குடிகொண்டிருந்ததாகத் திருத்தூதர் பவுல் நினைவுகூர்கின்றார். உங்கள் ஞானப்பிள்ளைக்கு இன்று என்ன வயது? எந்த வகுப்பில் படிக்கின்றது? விடை தெரியாதவர்கள் இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்களாக.